தராசில் முதலில் உன்னைத்தான் தொங்கவிட்டேன்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் அப்போதே பதில் சொல்லவில்லை. சொல்ல நீ எங்கே விட்டாய்? "உடம்பக் கொறச்சிட்டு கட்டிக்கிறேம்மா. தை மாசம் வெச்சிக்கலாம். பொண்ணு வூட்டுல நானே சொல்லிட்டேன்" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டு வைத்துவிட்டாய். இங்கே கல்யாணப் பத்திரிகை அடித்து வந்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் கட்டுக் கட்டாக இருக்கிறது. ஆவணி முகூர்த்தத்துக்கு இன்னும் நாலு வாரம்கூட முழுசாக இல்லை. உன் அப்பா, "அவன் சொல்றதும் நாயந்தானே, கொஞ்சம் எளைச்சிட்டுத்தான் மேடை ஏறட்டுமே" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்னார். அவரிடம் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். முடியாது. தேதி மாறாது. கோபப்படுவதானால் கோபப்பட்டுக்கொள், ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் வரப்போவதில்லை. எங்கள் பால்வாடி டீச்சர்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒருமுறை ஒரு சின்னப் பத்திரிகை கொண்டுவருகிறோம் அல்லவா, அதற்கும் ஒரு படி கொடுக்கிறேன். உன் பெயரோ என் பெயரோ வராது. நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணுக்கும் சுகந்தி என்று வேறு பெயர்தான் போட்டிருக்கிறேன், அதுவும் அவளைக் கேட்டுவிட்டு. எதற்கு ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று நீ கேட்பாய். உன்னை நாலு பேர் பார்க்கத் தராசில் வைத்தவள் நான். மன்னிப்பை மட்டும் சமையல்கட்டில் காதோடு கேட்டால் அது நியாயம் ஆகாது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தை உனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்லம்பள்ளிப் பக்கத்தில் மழை ஏமாற்றிய வருடங்கள் அவை. பாதி வீட்டில் தாயும் தகப்பனும் கட்டட வேலைக்குப் பெங்களூருக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் யாரிடமாவது இருக்கும். காலையில் பால்வாடிக்கு வரும்போது கண்ணில் பீளையும் வயிற்றில் வெறும் கஞ்சித் தண்ணியுமாக வரும். மாதம் ஒரு நாள் எடை போட வேண்டும். கூரை விட்டத்தில் ஒரு கொக்கி, அதில் கடிகாரம் போல வட்டமான தொங்கு தராசு, அதன் கீழே கால்சட்டை மாதிரி ஒரு துணிப்பை. பிள்ளையின் கால்களை அந்த ஓட்டைகளில் விட்டுத் தொங்கவிட்டால் முள் நகரும். நகர்ந்த அளவை வளர்ச்சி அட்டையில் புள்ளியாக வைக்க வேண்டும். அந்த அட்டையில் எச்சரிக்கை எல்லாம் கீழே இறங்குவதற்குத்தான். இந்தக் கோட்டுக்குக் கீழே போனால் முதல் நிலை, அதற்கும் கீழே இரண்டாம் நிலை, மூன்று, நான்கு. ஒரு புள்ளியை மேலே ஏற்றுவதற்கு நாங்கள் பட்ட பாட்டை எழுதினால் இந்தப் பத்திரிகை பத்தாது. மேலே போனால் என்ன ஆகும் என்று அந்த அட்டையில் யாரும் எழுதியிருக்கவில்லை. மேலே என்றால் சந்தோஷம், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில்தான் நீ பிறந்தாய். இரண்டு கிலோகூட இல்லை. உன் பெரியம்மா, அதுதான் உன் அப்பாவின் அண்ணி, தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஊரு கொழந்தைக்கெல்லாம் மாவு கிண்டறா, அவ பெத்தது மட்டும் ஓணான் குஞ்சாட்டம் இருக்குது பாரு" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். எனக்குச் சுருக்கென்று குத்தியது. அன்றைக்குப் பிடித்தது எனக்கு வெறி. வீட்டில் நெய் விட்டுச் சத்துமாவு உருண்டை, பால்வாடியில் மறுபடியும் உருண்டை, சாயங்காலம் நிலக்கடலையும் வெல்லமும், இரவு சோற்றில் நெய். நீ போதும் என்று தலையைத் திருப்பினால் நான் உன் கன்னத்தைத் திருப்பி இன்னொரு வாய் வைப்பேன். இரண்டு வயதில் நீ உருண்டு திரண்டு, கையில் மடிப்பு மடிப்பாக, பார்க்கிறவர்கள் எல்லாம் தூக்கிக் கொஞ்சும்படி இருந்தாய். உன் பெரியம்மா வாயை மூடிக்கொண்டாள். எனக்கு ஏதோ மெடல் குத்திக்கொண்ட மாதிரி இருந்தது. உன்னை ஊட்டி வளர்த்ததற்கு நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை. பசியைப் பக்கத்தில் பார்த்தவள் எவளும் அதற்காக என்னைக் குறை சொல்ல மாட்டாள்.

தப்பு அதற்கு அப்புறம் நடந்தது. பால்வாடிக்கு அதிகாரிகளின் ஜீப் வருகிறது என்று தகவல் வந்தால் அவசர அவசரமாகக் கூட்டிப் பெருக்குவோம். மெலிந்த பிள்ளைகளை முதலில் தொங்கவிட்டால் அதிகாரிக்கு முகம் சுருங்கும், அப்புறம் கேள்விமேல் கேள்வி. ஆகவே நான் ஒரு தந்திரம் செய்தேன். உன்னை முதலில் தொங்கவிடுவேன். முள் ஜம்மென்று போய் நிற்கும். "பரவாயில்லையே டீச்சர், நல்லா வளத்திருக்கீங்களே" என்று உன் கன்னத்தைக் கிள்ளுவார்கள். ஒரு முறை உன்னோடு போட்டோகூட எடுத்துக்கொண்டார்கள். முதல் பிள்ளை கண்ணில் நின்றுவிட்டால் அடுத்த பத்துப் பிள்ளைகளும் கொஞ்சம் நன்றாகத் தெரியும். இது எனக்கு மட்டும் தெரிந்த வித்தை இல்லை, பக்கத்து ஊர் டீச்சர்களும் அவரவர் பிள்ளையை இப்படி வைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அதைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொள்வோம்.

நீ ஒன்றாம் வகுப்புக்குப் போன பிறகாவது நான் விட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடம் பக்கத்துக் கட்டடம்தானே. ஜீப் சத்தம் கேட்டதும் உதவியாளர் முனியம்மா அக்காவை அனுப்பி உன்னை வகுப்பிலிருந்து கூட்டி வரச் சொல்வேன். "இது எங்க மாவுல வளந்த பையனுங்க" என்று காட்டுவதற்கு. நீ இரண்டாம் வகுப்புப் படித்த வருடம், புதிதாக ஒரு அதிகாரி வந்தார். கூட நாலைந்து பேர். வாசலில் தாய்மார்கள், ஜன்னலில் உன் வகுப்புப் பிள்ளைகள். நீ நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "வேணாம்மா" என்றாய். "ஒரே ஒரு நிமிசம்டா சாமி" என்று தூக்கி அந்தத் துணிப்பையில் விட்டேன். உன் தொடை அந்த ஓட்டையில் நுழையவில்லை. அழுத்தினேன். முள் ஓடிப்போய் கடைசியில் முட்டி நின்றது. விட்டம் கிறீச்சென்றது. "டீச்சர், பையன எறக்குங்க, கவர்மெண்டு தராசு போயிடப் போகுது" என்றார் அதிகாரி. எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் சிரித்தார்கள், ஜன்னலில் சிரித்தார்கள். உன் கால் சிக்கிக்கொண்டதால் இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் உன்னை வெளியே எடுத்தோம். அத்தனை நேரமும் நீ அழவில்லை. தொங்கிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாய்.

நானும் சிரித்துக்கொண்டிருந்தேன் தம்பி. அதிகாரி சிரிக்கும்போது நான் எப்படிச் சிரிக்காமல் இருப்பது என்று அந்த நேரத்தில் என் புத்திக்குப் பட்டது. இருபது வருடமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றிலிருந்து பத்தாம் வகுப்பு முடியும்வரை உன்னைப் பள்ளிக்கூடத்தில் "தராசு" என்றுதான் கூப்பிட்டார்கள் என்பது, உன் நிச்சயத்துக்கு வந்திருந்த உன் சிநேகிதன் விளையாட்டாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ ஒரு நாளும் வீட்டில் வந்து சொல்லவில்லை. யாரிடம் சொல்வாய்?

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நீ ஒன்பதாவது படிக்கும்போது நான் அப்படியே தலைகீழாக மாறினேன். உன் அக்காவுக்கு மூன்று தோசை, உனக்கு ஒன்று. சொந்தக்காரர்கள் வீட்டுக் காதுகுத்தில் உன் இலையிலிருந்த லட்டை நானே எடுத்துப் பக்கத்து இலையில் வைத்தேன், அதுவும் நாலு பேர் பார்க்க. ஊட்டுவதும் என் இஷ்டம், பிடுங்குவதும் என் இஷ்டம் என்று இருந்திருக்கிறேன். அதற்குப் பிறகு நீ எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டாய். கடையில் வாங்கிய பாக்கெட்டுகளின் காலி உறைகள் உன் புத்தகப் பையின் அடியில் கிடக்கும். அதைப் பார்த்து மறுபடியும் திட்டுவேன். பயலுக்கு வாய் அடங்கவில்லை என்று நினைத்தேனே தவிர, மறைத்துச் சாப்பிடும்படி யார் வைத்தது என்று யோசிக்கவில்லை.

சரி, என் பங்கை நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் எல்லாவற்றையும் அம்மாக்கள் தலையில் கட்டினால் நான் சும்மா இருக்க மாட்டேன். சில மாதங்களுக்கு முன்னால் தர்மபுரியில் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். ஒரு மேடம் திரையில் படம் போட்டுக் காட்டினார். நாடு முழுக்கப் பிள்ளைகளை எடை போட்டு எடுத்த கணக்கெடுப்புகள், ஒன்றுக்குப் பின் ஒன்றாக. எடை குறைந்த பிள்ளைகளின் கோடு மெதுவாக இறங்குகிறது. இறங்கினாலும் இன்னும் உயரத்தில்தான் இருக்கிறது, அதை மறக்கக் கூடாது. இன்னொரு கோடு தரையோடு தரையாக வந்து, ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைத் தூக்குகிறது. அது எடை கூடிய பிள்ளைகளின் கோடு. முதலில் பட்டணத்தில், வசதியான வீடுகளில் என்றுதான் இருந்ததாம். இப்போது கிராமத்துக்கும் வந்துவிட்டதாம். ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், ஒரு பிள்ளை வற்றிப்போயும் ஒரு பிள்ளை ஊதிப்போயும் இருப்பதை நான் என் பதிவிலேயே பார்க்கிறேன். எல்லாம் சரி. கடைசியில் அந்த மேடம், "தாய்மாருங்களுக்கு விழிப்புணர்வு போதல" என்று முடித்தார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். "மன்னிச்சிக்கோங்க மேடம்" என்று ஆரம்பித்தேன். "எங்கூர்ல ஒவ்வொரு கடை வாசல்லயும் தோரணம் கட்டுன மாதிரி பாக்கெட்டு தொங்குதுங்க. அத நாங்க தொங்க வுடல. நடந்து போய்ட்டிருந்த பிள்ளைங்கள வேன் வூட்டு வாசல்ல வந்து ஏத்திக்கிட்டுப் போவுது, ஏன்னா நடக்கற ரோட்ல லாரி பறக்குதுங்க. வெளையாடுன எடமெல்லாம் பிளாட்டு போட்டாச்சு. வெளையாட்டு பீரியட்ல கணக்கு நடக்குது. முப்பது வருசமா எடைய ஏத்து, ஏத்துன்னு எங்களுக்குச் சொன்னீங்க. ஏத்துனோம். எங்க நிறுத்தணும்னு எப்பவாச்சும் சொன்னீங்களா மேடம்?" பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். மேடம், "நல்ல கேள்விதான், உக்காருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அந்தத் திரையில் ஏறிய கோட்டில் நீயும் ஒரு புள்ளி. உன் கன்னத்தைக் கிள்ளினவர்கள், உன்னை இழுத்து இறக்கினவர்கள், நான், யாருமே அந்தப் படத்தில் இல்லை.

இப்போது பால்வாடியில் தொங்கு தராசு இல்லை. நிற்கிற தராசு, செல்போனில் பதிவு. எடை கூடினால் அதற்கும் ஒரு நிறம் காட்டுகிறது. போன மாதம், யாழினி என்று வைத்துக்கொள், ஒரு நாலு வயசுக் குட்டிக்கு அந்த நிறம் வந்தது. சுற்றி நின்ற வாண்டுகள் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், யாழினி குண்டுங்களா?" என்று கேட்டுவிட்டன. அந்தக் குட்டி தன் வயிற்றைக் கைகளால் மூடிக்கொண்டது. நாலு வயசில் வயிற்றை மூடிக்கொள்ள அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? அன்றைக்கே தராசைத் தூக்கிக்கொண்டு போய் மாவு மூட்டை அடுக்கும் உள்ளறையில் வைத்துவிட்டேன். ஒரு பிள்ளை, அதன் அம்மா, நான். வேறு யாரும் உள்ளே வரக்கூடாது.

சூப்பர்வைசர் வந்தபோது ஒத்துக்கொள்ளவில்லை. "எடை நாள்னா எல்லாரையும் கூப்புட்டு வெச்சி, எல்லார் முன்னாடியும் எடுக்கணும் டீச்சர். அப்பதான் நாலு பேருக்குப் புரியும்" என்றார். "எடை எடுக்கறேனுங்க. கணக்கு சுத்தமாக் குடுக்கறேனுங்க. புள்ளைய மட்டும் காட்சிக்கு வைக்க மாட்டேனுங்க" என்றேன். "அப்ப நான் மேல எழுதி அனுப்பவா?" என்றார். "தாராளமா எழுதுங்க" என்றேன். எழுதிவிட்டார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. ஓய்வு பெறப் போகிற நேரத்தில் உனக்கெதற்கு இந்த வம்பு என்கிறார் உன் அப்பா. ஓய்வு பெறப் போகிற நேரத்தில்கூடச் செய்யவில்லை என்றால் நான் எப்போதுதான் செய்வது? யாழினியின் அம்மா, "சோத்தக் கொறச்சிடட்டுங்களா டீச்சர்?" என்று பயந்துபோய்க் கேட்டாள். அதெல்லாம் வேண்டாம், கடைப் பாக்கெட்டை வீட்டில் எல்லோருமே நிறுத்துங்கள், பெரியவர்களும் சேர்த்து என்றேன். இப்போது மத்தியானத்தில் எல்லாப் பிள்ளைகளையும் ஓடவிடுகிறோம். மூட்டு வலியோடு நானும் பின்னால் ஓடுகிறேன். முனியம்மா அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

உடம்பு கூடினால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. வாழ்நாள் முழுக்கப் புள்ளி வைத்தவள், பொய் சொல்ல மாட்டேன். பிரஷர் பார், சர்க்கரை பார், நல்ல டாக்டரிடம் போ, தினம் நட. அதற்கெல்லாம் வயசு முழுக்க நேரம் இருக்கிறது. ஆனால் ஜிம்மில் எவனோ கொடுத்த பவுடரைக் கரைத்துக் குடித்துவிட்டு, சோறு இல்லாமல், ஓசூரில் கம்பெனி வாசலில் நீ மயங்கி விழுந்ததை உன் கூட வேலை செய்கிற பையன் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அது வைத்தியமில்லை, அது உனக்கு நீயே கொடுத்துக்கொள்கிற தண்டனை. நீ ஒரு குற்றமும் செய்யவில்லை. மேடைக்கு இந்த எடையோடுதான் வர வேண்டும் என்று எவனும் உனக்கு முகூர்த்தம் குறிக்க வேண்டியதில்லை.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கம்பைநல்லூருக்குப் போனேன். தர்மபுரியில் பஸ் மாறும்வரைக்கும் என்ன பேசுவது என்று தெரியவில்லை. சுகந்தியின் அப்பா புளி வியாபாரம் செய்கிறவர், உனக்குத் தெரியுமே, வாசலில் ஆட்களோடு மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னாரே தவிர முகம் கொடுக்கவில்லை. "சம்பந்தியம்மா, நேரா கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. பையனுக்கு மனசு வேற எங்கயாச்சும் இருக்குதுங்களா? எம் பொண்ணு நாலு நாளா ரூம விட்டு வெளிய வரல" என்றார். உன் ஒரு போனுக்கு அந்த வீட்டில் இப்படித்தான் அர்த்தம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உன்னை நீ வெறுப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் பெண்ணைத்தான் நீ வெறுக்கிறாய் என்று நினைத்தார்கள்.

சுகந்தியைக் கூப்பிடச் சொன்னேன். வந்து கதவோரமாக நின்றாள். கண் வீங்கியிருந்தது. இங்கே எழுதியது எல்லாவற்றையும் அங்கே வாயால் சொன்னேன். தொங்கு தராசு, துணிப்பை, ஜன்னலில் நின்ற பிள்ளைகள், நான் சிரித்தது. உன் மானத்தை வாங்குகிறேனோ என்று நடுவில் ஒரு பயம் வந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை, என் மானமும்தானே போகிறது. அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "பையன் வரலன்னு சொன்னா அதுக்குக் காரணம் உங்க பொண்ணு இல்லீங்க, நானு" என்று சொல்லி முடித்தேன். அவர் உள்ளே திரும்பித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்த சுகந்தி என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "நிச்சயத்தன்னிக்கு எம் பக்கத்துலதான் அவருக்கு எலை போட்டாங்க அத்தை" என்றாள். "ரசம் வரைக்கும் வந்திருச்சி. சோத்தப் பெசஞ்சிக்கிட்டே இருந்தாரு, ஒரு வாய் வைக்கல. எல்லாரும் அவரையே பாத்துக்கிட்டிருந்தாங்க. என்னைப் புடிக்காமத்தான் இப்பிடி உக்காந்திருக்காருன்னு நெனச்சிட்டேன். நானும் எலைய மூடிட்டு எந்திரிச்சிட்டேன்." காலிச் சொம்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "அப்ப அன்னிக்கு அவருக்குப் பசிச்சிதுங்களா அத்தை?"

உன் எடையை மாதா மாதம் எழுதி வைத்தவளுக்கு இது தெரியவில்லை தம்பி. தேதியில் மாற்றம் இல்லை என்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நீ நேரில் போய் அவள் முகத்தைப் பார்த்து மாற்றிக்கொள், அந்தச் செய்தியைச் சுமக்க இனி நான் போக மாட்டேன். இதைப் படித்ததும் எனக்குப் போன் செய்யாதே. அவளுக்குச் செய். பசித்தது என்று சொல்.

அம்மா